எந்த ரெய்ட் என்று கேட்பதற்கு முன்னால்

ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராவில் 4கே தரத்தில் எடுத்தால், வரவேற்பும் முகூர்த்தமும் முடிவதற்குள் அரை டெராபைட் தாராளமாக நிரம்பிவிடும். ஆவணி, தை மாதிரி மாதங்களில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்யாணம் அமைவது சாதாரணம். இப்படிக் குவியும் கோப்புகளை எங்கே வைப்பது என்ற கவலையில்தான் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் நாலு டிஸ்க் போட்டு, நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டரும் கோப்பு வைத்து எடுக்கும் நாஸ் பெட்டியை விசாரிக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதி அலுவலகங்களிலும், ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள ஸ்கேன் சென்டர்களிலும் இதே தேவை வந்துவிட்டது. விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ரெய்ட் 5 போடலாமா, 10 போடலாமா?"

பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டி ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டும் ஏற்பாட்டுக்குத்தான் ரெய்ட் என்று பெயர்; எண்கள் அதன் வகைகள். அந்தக் கேள்விக்கு முன்னால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு டிஸ்க் செத்துப்போனால், உங்கள் வேலை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்றால் ரெய்ட் வேண்டும். இரண்டு நாள் நின்றாலும் பரவாயில்லை என்றால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது. ரெய்ட் உங்களுக்கு வாங்கித் தருவது நேரத்தை. தரவைக் காப்பாற்றுவது பேக்கப். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, நாலு டிஸ்க் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று பேக்கப்பை விட்டுவிடுபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரெய்ட் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1988-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அன்றைக்குப் பெரிய கணினிகளில் ஐபிஎம் 3380 மாதிரி ராட்சத டிஸ்க்குகள் ஓடின. ஒன்றில் 7,500 மெகாபைட் வரை பிடிக்கும். பர்சனல் கம்ப்யூட்டருக்காக வந்த சின்ன டிஸ்க்கில் 100 மெகாபைட்தான், ஆனால் விலை மலிவு. சின்னதை நிறையச் சேர்த்தால் பெரியதைவிட வேகமாக வேலை நடக்கும் என்றார்கள். ஆனால் அதில் ஒரு சங்கடம். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கு ஒன்று போகும். இரண்டு வாரம்கூட ஆகாது. அதனால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி கூடுதல் தகவலையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அதற்கான வழிகளுக்குத்தான் 1 முதல் 5 வரை எண் போட்டார்கள். 0, 6, 10 எல்லாம் பிறகு சேர்ந்தவை. 2, 3, 4 இன்று கடை வாசலில் யாரும் கேட்பதில்லை. எண் ஏற ஏறத் தரம் ஏறும் என்ற கணக்கும் இதில் கிடையாது.

சரி, உங்களிடம் 8 டிபி டிஸ்க் நாலு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (8 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 7.27 என்று காட்டும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.) ரெய்ட் 0 என்றால் கோப்பைத் துண்டு துண்டாக்கி நாலிலும் பரப்பி எழுதும். முழு 32 டிபி கிடைக்கும், வேகமும் கிடைக்கும், ஆனால் எந்த ஒன்று போனாலும் மொத்தமும் போய்விடும். ரெய்ட் 1 என்றால் இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை அப்படியே எழுதுவது. பாதி இடம்தான் மிஞ்சும். ரெய்ட் 10 என்றால் இரண்டு ஜோடிகளை இப்படி அமைத்து, ஜோடிகளுக்கிடையே துண்டு போட்டுப் பரப்புவது. நாலு டிஸ்க்கில் 16 டிபி. ரெய்ட் 5-இல் 24 டிபி, ரெய்ட் 6-இல் 16 டிபி.

ரெய்ட் 5-இல் மட்டும் எப்படி ஒரே ஒரு டிஸ்க் இடத்தைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் காப்பு கிடைக்கிறது? பாரிட்டி என்ற கணக்குதான் காரணம். மூன்று டிஸ்க்கில் 7, 5, 9 என்று எழுதி, நாலாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 21 என்று எழுதுகிறீர்கள். 5 இருந்த டிஸ்க் போய்விட்டது. 21-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 5 திரும்பி வந்துவிடும். நிஜத்தில் கூட்டலுக்குப் பதிலாக, ஒவ்வொரு பிட்டையும் எடுத்து ஒன்றுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கும் கணக்கு நடக்கிறது, அடிப்படை இதுதான். பாரிட்டியையும் ஒரே டிஸ்க்கில் போடாமல் நாலிலும் மாற்றி மாற்றிப் போடும். ரெய்ட் 6-இல் இதற்கு மேல் வேறொரு சூத்திரத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. அதனால் எந்த இரண்டு போனாலும் தாங்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போன டிஸ்க்கைத் திரும்பக் கணக்குப் போட வேண்டுமென்றால், மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை பிழையில்லாமல் படித்தாக வேண்டும். ரெய்ட் 5-இன் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ரெய்ட் 5 ஏன் இன்று எனக்குப் பிடிப்பதில்லை

டிஸ்க் சின்னதாக இருந்த காலத்தில் ரெய்ட் 5 அருமையான ஏற்பாடு. 2000-களில் 80 ஜிபி டிஸ்க் போனால், புதியதைப் போட்ட சில மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். இன்று 8 டிபி. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே 15 மணி நேரம் ஆகும். பெட்டியை வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டே ரீபில்ட் (போன டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப எழுதும் வேலை) ஓட விட்டால் இரண்டு மூன்று நாள்கூட இழுக்கலாம். அத்தனை நேரமும் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கும் மூச்சுவிடாமல் ஓடுகின்றன. அந்த மூன்றும் எப்படிப்பட்டவை? செத்ததோடு ஒரே நாளில், ஒரே கடையில், பெரும்பாலும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வாங்கியவை. வயதும் ஒன்று, பட்ட சூடும் ஒன்று.

இரண்டாவது டிஸ்க் முழுதாகச் சாக வேண்டும் என்பதுகூட இல்லை. எங்கோ ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு, படிக்க முடியாமல் போனாலும் ரீபில்ட் தடுமாறும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கின் விவரத்தாளில், ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழியம் போட்ட எண்ணிக்கையில் பிட்டுகளைப் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது சுமார் 12.5 டிபி. நம் உதாரணத்தில் படிக்க வேண்டியதோ 24 டிபி. இதைப் பார்த்து, ரீபில்ட் கட்டாயம் தோற்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்த எண் கம்பெனி தரும் உத்தரவாத வரம்பு. நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ மேலாக நடந்துகொள்கின்றன. விலை கூடிய நாஸ், சர்வர் டிஸ்க்குகள் பலவற்றில் அந்த வரம்பே பத்து மடங்கு, அதாவது 125 டிபி. ஆனாலும் பாதுகாப்புக்கென்று பணம் கொடுத்து வாங்கிய ஒன்று, மிகவும் தேவைப்படும் அந்த ஒரு நாளில் அதிர்ஷ்டத்தை நம்பி ஓடுகிறது என்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

நம் ஊர் என்பதால் இதில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. டிஸ்க் போன நேரத்திலிருந்து ரீபில்ட் முடியும் வரை பெட்டி காப்பு இல்லாமல் ஓடுகிறது அல்லவா, அந்த இடைவெளியை எல்லோரும் ரீபில்ட் நேரத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். வேலூரில் அதைவிடப் பெரிய பகுதி, மாற்று டிஸ்க் கைக்கு வந்து சேரும் நேரம். 1 டிபி, 2 டிபி டிஸ்க் என்றால் அக்கம்பக்கக் கடையில் கிடைத்துவிடும். நாஸுக்கான 8 டிபி டிஸ்க்கை எடுத்து அலமாரியில் வைத்திருக்கும் கடை அபூர்வம். காட்பாடியில் ரயிலேறி சுமார் 130 கிலோமீட்டர் போய் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டு நாள் எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனது என்றால் திங்கள் செவ்வாய் ஆகிவிடும். வாரண்டியில் மாற்றலாம் என்று அனுப்பினால் வாரக்கணக்கு. வாரண்டி புது டிஸ்க்கைத் தரும். உங்கள் கோப்பைத் தராது.

ஆகவே பெட்டி வாங்கும் அன்றைக்கே ஒரு டிஸ்க் கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வையுங்கள். நாலு டிஸ்க் பட்ஜெட்டில் ஐந்தாவது கட்டுப்படியாகாது என்றால், டிஸ்க்கின் அளவைக் குறைத்தாவது இதைச் செய்யலாம். முடிந்தால் இரண்டை ஒரு கடையிலும் இரண்டை வேறு கடையிலும் வாங்குங்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் உள்ள குறை எல்லாவற்றையும் ஒன்றாகத் தாக்கும் வாய்ப்பு குறையும்.

நாலு டிஸ்க்கில் ரெய்ட் 6-ம் ரெய்ட் 10-ம் ஒரே இடத்தைத்தான் தருகின்றன. எதை எடுப்பது? ரெய்ட் 6-இல் எந்த இரண்டு போனாலும் பிழைக்கலாம். ரெய்ட் 10-இல் ஒன்று போன பிறகு அதன் ஜோடியும் போனால் மொத்தம் காலி. மற்ற இரண்டில் ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. அந்த வகையில் 6 உறுதியானது. ஆனால் ரெய்ட் 10-இல் ரீபில்ட் என்பது ஜோடி டிஸ்க்கிலிருந்து அப்படியே நகல் எடுப்பதுதான், சீக்கிரம் முடியும், மற்ற டிஸ்க்குகளுக்குச் சிரமம் கிடையாது. எழுதும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ரெய்ட் 5-இல் ஒரு சின்ன மாற்றத்தை எழுதப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியது இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நாலு வேலை. ரெய்ட் 6-இல் அது ஆறு. ரெய்ட் 10-இல் இரண்டோடு முடிந்தது. டாலி போட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பில் அடிக்கும் அலுவலகத்துக்கு 10 நன்றாக இருக்கும். நீளநீளமான வீடியோக்களை வரிசையாக எழுதும் ஸ்டுடியோவுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது; அங்கே 6 போதும்.

வேகத்துக்காக ரெய்ட் 0 கேட்பவர்களுக்கு ஒரு தகவல். உங்கள் ஸ்டுடியோவில் இருக்கும் ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம்தான் போகும். இன்றைய ஒற்றை டிஸ்க்கே பெரிய கோப்புகளில் அதைத் தாண்டி ஓடுகிறது. நாலு டிஸ்க்கை ரெய்ட் 0-வில் கட்டினாலும் கேபிளின் மறுபக்கம் உட்கார்ந்து எடிட் செய்கிறவருக்கு அது வந்து சேராது. எடிட் நடக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நல்ல எஸ்.எஸ்.டி. போடுங்கள், வேலை நடக்கும்போது கோப்பு அதில் இருக்கட்டும், முடிந்ததும் நாஸுக்குப் போகட்டும்.

டிஸ்க், கரண்ட், வெயில்

ரெய்டுக்கு எல்லா டிஸ்க்கும் ஒத்துவராது. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தைப் போக்கும். தனி டிஸ்க்காக இருந்தால் அது நல்ல குணம். ரெய்டில் இருக்கும்போது, பதில் வரவில்லையே என்று கட்டுப்பாட்டுப் பலகை அதைச் செத்ததாக முடிவுசெய்து கூட்டத்திலிருந்து தள்ளிவிடக்கூடும். நாஸ் டிஸ்க்குகள் ஏழு நொடி அளவில் முயற்சியை நிறுத்திக்கொண்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். மீதியை ரெய்ட் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று எஸ்.எம்.ஆர். என்ற பதிவு முறை. இதில் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சும்மா சேமித்து வைக்கப் பிரச்சினையில்லை. ரீபில்ட் மாதிரி மணிக்கணக்கில் எழுதும் வேலையில் படுத்துவிடும். 2020-இல், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் இந்த முறையில் இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது; அதற்குப் பின், தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். முறையில் உள்ளவற்றை ரெட் பிளஸ் என்று பிரித்து விற்கத் தொடங்கியது. டிஸ்க் வாங்கும்போது மாடல் எண்ணைக் கேட்டு, கம்பெனியின் விவரத்தாளில் சி.எம்.ஆர். என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கரண்ட் விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். ரெய்ட் 5, 6-இல் தரவு எழுதப்பட்டு, பாரிட்டி எழுதப்படுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒத்துப்போகாமல் நின்றுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் கழித்து ஒரு டிஸ்க் போய், அந்தத் தவறான பாரிட்டியை வைத்துக் கணக்குப் போடும்போதுதான் கோப்பு கெட்டிருப்பது வெளிவரும். இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள் பழையதன்மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதி இதைத் தவிர்க்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் யு.பி.எஸ். இல்லாமல் நாஸ் வைக்காதீர்கள். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் முன்கூட்டியே தெரியும். சித்திரை மாதத்து இடிமழை சொல்லிக்கொண்டு வராது. யு.பி.எஸ்.ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யு.எஸ்.பி. வயர் போடும் வசதி இருக்கும். அந்த வயரைப் போட்டால்தான் பேட்டரி தீரும் முன் நாஸ் தானாக ஒழுங்காக அணையும். யு.பி.எஸ். வாங்கிய இடங்களிலும் இந்த வயர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதும் சரியில்லை. மாறும் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆக வாய்ப்புண்டு.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவில், நினைத்த அளவுக்குச் சூடு டிஸ்க்கைக் கொல்வதில்லை என்று தெரிந்தது. மிக உயர்ந்த சூட்டில்தான் பாதிப்பு கூடியது. நம் பிரச்சினையே அந்த உயர்ந்த சூடுதான். கத்திரி வெயிலில் வெளியே 41, 42 டிகிரி அடிக்கும்போது, மாடி அறையில் மூடிய மர அலமாரிக்குள் இருக்கும் பெட்டியில் டிஸ்க் 55-ஐத் தொடும். தரைத்தளம், திறந்த அலமாரி, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி, மாதமொரு முறை ஃபேனில் தூசி தட்டுவது, இவ்வளவு போதும். ஏசி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு இதைவிட உபயோகமானது. டிஸ்க்கைத் தானே சோதிக்கும் ஸ்கேனில் முதல் பிழை காட்டிய டிஸ்க்குகள், பிழை காட்டாதவற்றைவிட, அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதாவது பல டிஸ்க்குகள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போகின்றன. கேட்க ஆள் வேண்டும். மாதம் ஒரு முறை எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் வசதியை நாஸில் இயக்கி வையுங்கள். டெபியன் லினக்ஸில், தனிக் கார்டு இல்லாமல் மென்பொருளே நடத்தும் மென்பொருள் ரெய்ட் போட்டால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அது தானாகவே நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் மெயில் வரும்படியும் செய்யுங்கள், அதுவும் நீங்கள் தினமும் பார்க்கும் மெயிலுக்கு.

பெட்டி எழுப்பும் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அண்ணே, பெட்டி கீச்சு கீச்சுனு கத்திக்கிட்டே இருக்கு, சத்தத்தை எப்படி நிறுத்துறது?" என்று போன் வரும். "சத்தத்தை விடுப்பா, எந்த லைட்டு ஆரஞ்சா எரியுதுன்னு முதல்ல பாரு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தத்தை நிறுத்துவது எளிது. நிறுத்திவிட்டு மறந்துபோய், இரண்டாவது டிஸ்க் போகும்வரை ஓட்டுவது அதைவிட எளிது. லைட்டைப் பார்த்தபின் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. ரெய்ட் 5-இல் ஒன்று செத்திருக்கும்போது இன்னொன்றை உருவினால் அந்த நிமிடமே எல்லாம் நின்றுவிடும். டிஸ்க்கை மாட்டும் நாளிலேயே ஒவ்வொன்றின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் சின்னத் தாளில் எழுதி, டிரேயின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். மெயிலில் வரும் எண்ணையும் தாளில் உள்ள எண்ணையும் ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

ஹார்ட்வேர் ரெய்ட் கார்டா, மென்பொருள் ரெய்டா என்ற சர்ச்சையை நீட்ட வேண்டியதில்லை. கார்டு போனால் அதே வகைக் கார்டு கிடைத்தால்தான் டிஸ்க்குகள் திறக்கும் என்ற நிலை வரலாம், அந்தப் பழைய கார்டை எங்கே தேடுவது? லினக்ஸ் ரெய்டோ இசட்.எஃப்.எஸ்.ஸோ என்றால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம். மதர்போர்டில் இலவசமாக வரும் ரெய்டைத் தொடவே வேண்டாம்.

ரெய்ட் தடுக்காதவை

இதுவரை சொன்ன எல்லாம் டிஸ்க் சாவதைப் பற்றித்தான். கோப்பை இழப்பதற்கு வேறு வழிகள் ஏராளம். உதவியாளர் தவறான ஃபோல்டரை அழித்தால், ரெய்ட் அந்த அழிப்பை எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக நிறைவேற்றும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு தாக்குதல்கள் இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்து வந்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். ரெய்ட் எந்த எண்ணாக இருந்தாலும் பூட்டிய கோப்பு பூட்டியதுதான். மின்னல், திருட்டு, தீ எதற்கும் நாலு டிஸ்க் ஒரே பெட்டியில் இருப்பது உதவாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் வைத்த கம்ப்யூட்டருக்கு முழங்கால் அளவு தண்ணீரே போதும்.

அதனால் மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதிதான் இன்றும் சரி. வேறு இடம் என்றால் கிளவுட்தான் என்று இல்லை. 2 டிபி வீடியோவை 50 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்றினால் ஏறக்குறைய நாலு நாள் ஆகும். கல்யாண சீசனில் அது வாலைத் துரத்தும் வேலை. சத்துவாச்சாரியில் ஸ்டுடியோ, காட்பாடியில் வீடு என்றால், இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்கை மாற்றி மாற்றி வாரம் ஒரு முறை வீட்டுக்கு எடுத்துப் போவதே நல்ல பேக்கப். எழுதி முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும், அது முக்கியம். மாட்டியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் பார்க்கும், மின்னலும் பார்க்கும். கணக்குக் கோப்புகள் சின்னவை; அவற்றைத் தினமும் கிளவுடுக்கு அனுப்புவதில் எந்தச் சிரமமும் இல்லை. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம், ஜி.எஸ்.டி. பதிவேடுகளுக்கு ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம். ஒரு டிஸ்க்கின் வாரண்டி மூன்று அல்லது ஐந்து வருடம்தான். ஆக எந்த ஒரு பெட்டியும் அந்தக் காலம் முழுக்கத் தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது. நகல் எடுத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தனியாக வேலை செய்யும் போட்டோகிராபருக்கு ரெய்டே தேவைப்படாது என்பது என் கருத்து. ஒரு பெரிய டிஸ்க், அதன் நகலாக வெளியே இரண்டு டிஸ்க், அவ்வளவுதான். ஒரு நாள் வேலை நின்றால் குடிமுழுகிப் போகாது. நாலைந்து பேர் எடிட் செய்யும் ஸ்டுடியோவுக்கும் ஐந்து பத்துப் பேர் உள்ள அலுவலகத்துக்கும் இரண்டு டிஸ்க் ரெய்ட் 1-இல் ஆரம்பிப்பதே நல்லது. 12 டிபி, 16 டிபி டிஸ்க்குகள் வந்துவிட்ட பிறகு, நாலு சின்ன டிஸ்க்கைக் கட்டி மேய்ப்பதைவிட இரண்டு பெரிய டிஸ்க் எளிது. ஒன்று போனால் மற்றொன்றில் எல்லாம் முழுதாக இருக்கிறது. இடம் அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் நாலு டிஸ்க் ரெய்ட் 6 அல்லது 10. எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை வைத்திருக்கும் ஸ்கேன் சென்டரில், டாக்டர் பழைய படத்தைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே ரெய்ட் 6, கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் சேமிக்கும் இசட்.எஃப்.எஸ். மாதிரி ஒரு முறை, வேறு கட்டடத்தில் இரண்டாவது பெட்டி என்று மூன்றுக்கும் செலவழித்துத்தான் ஆக வேண்டும். லாட்ஜ் சிசிடிவிக்கு எதுவும் வேண்டாம். பதினைந்து நாளோ முப்பது நாளோ கழித்துத் தானே அழித்து எழுதும் படத்துக்குக் கண்காணிப்புக்கென்று விற்கும் ஒற்றை டிஸ்க் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், உண்மையான தரவை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வேண்டாத சில கோப்புகளை ஏற்றிவிட்டு, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். நாஸ் பெட்டிகளில் இப்படி உருவலாம். சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். கோப்பு திறக்கிறதா, சத்தம் வருகிறதா, மெயில் வருகிறதா என்று பாருங்கள். பீரோவில் வைத்த ஐந்தாவது டிஸ்க்கை மாட்டி ரீபில்ட் முடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து, பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். உருவிய டிஸ்க் இனிப் பீரோவுக்குப் போகட்டும். பேக்கப் டிஸ்க்கிலிருந்தும் ஒரு கல்யாணத்தைத் திரும்ப எடுத்து, வீடியோ கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். மெயில் வரவில்லை என்றால், தரவை ஏற்றும் வேலையை அன்றைக்கு நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.